திருட்டு விண்டோசும் சுயமரியாதையும்

தஞ்சை ஜில்லாவில் நமது தோழர்கள் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் கொஞ்ச காலமாக நாம் ஒரு கேள்வி கேட்டு வருகிறோம். கூடத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது; அல்லது பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சர்க்கார் கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. "இதில் ஓடுகிற விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா?" என்பதே நாம் கேட்கிற கேள்வி. பெரும்பாலான வீடுகளில் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கிறது. "அதெல்லாம் கடைக்காரர் போட்டுக் கொடுத்தாருங்க" என்கிறார்கள். என்ன போட்டார், எங்கிருந்து எடுத்துப் போட்டார், அதோடுகூட வேறு என்னென்ன சேர்த்துப் போட்டார் என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. கூலி முந்நூறு ரூபாய் என்பது மாத்திரம் எல்லாருக்கும் தெரிகிறது.

இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நாம் இவ்வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த வீட்டுக்காரன் களத்தில் கிடக்கிற நெல்லில் ஒரு மரக்கால் அள்ளிக்கொண்டு வந்துவிட்டு, எந்தத் தோழராவது அதை நாலு பேர் முன்னே சிரித்துக்கொண்டு சொல்லுவாரா? சொல்ல மாட்டார். ஆனால் அமெரிக்காக்காரன் சரக்கு என்றால் மாத்திரம் திருட்டு என்பது சாமர்த்தியமாகிவிடுகிறது. "அவன் கோடீசுவரன், அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று நியாயம் பேசுகிறார்கள். அவனுக்கு நஷ்டமில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். இன்னும் ஒருபடி மேலே போய், அதில் அவனுக்கு இலாபமே இருக்கிறது என்று சொல்லுகிறோம். ஊரெல்லாம் திருட்டுச் சரக்கிலேயே பழகிவிட்டால், வேறொன்று உலகத்தில் உண்டு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். நாளைக்கு அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிற ஆபீசு, அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதற்காகவே, அதைக் காசு கொடுத்து வாங்கித் தீரும். 1998-ல் அந்தக் கம்பெனியின் முதலாளி பில் கேட்ஸ், சீன தேசத்தாரைப் பற்றிப் பேசுகையில், திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும் என்னும் கருத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். முதல் பொட்டலத்தைச் சும்மா கொடுக்கிற அபினிக் கடைக்காரன் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நஷ்டம் திருடுகிற நமக்குத்தான். எப்படி என்பதை நம் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்லிவிடுகிறோம். பிறர் வீட்டுக் கதையைச் சொல்லுவானேன்?

நம் வீட்டிலிருப்பது 2013-ல் வாங்கிய மேசைக் கணினி. நினைவகம் 4 ஜி.பி. பன்னிரண்டு வருஷம் அதில் ஓடியது திருட்டு விண்டோஸ்தான். "எவனுக்கும் அடிமையாக இராதே, எவனையும் ஏமாற்றாதே" என்று நாம் எழுதிய கட்டுரைகளை எல்லாம் அந்தத் திருட்டு விண்டோசில்தான் தட்டச்சு செய்தோம். இதைச் சொல்லுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் மற்றவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை நிறுத்திற்று. தங்களிடம் பதிந்துகொள்ளுகிறவர்களுக்கு மேற்கொண்டு ஒரு வருஷம் தவணை என்றார்கள். பிறகு என்ன செய்வது? விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். அதற்கோ டி.பி.எம். 2.0 என்கிற பூட்டுச் சில்லு வேண்டும். அவர்கள் ஜாபிதாவில் இருக்கிற செயலி வேண்டும். நம்முடையது போன்ற பழைய கணினிகள் அந்த ஜாபிதாவில் இல்லை. நகரத்தில் ஒரு கடைக்காரரிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார். நாப்பதாயிரத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்" என்றார். "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்காகத் தூக்கிப் போடுவது?" என்றோம். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது சார்" என்றார்.

தோழர்களே, மாடு நன்றாக உழுகிறது. பல் விழவில்லை, கால் தள்ளாடவில்லை. ஆனால் நுகத்தடி செய்கிறவன், "இந்த வயசு மாட்டுக்கு இனி நான் நுகத்தடி செய்வதில்லை" என்று சொல்லிவிட்டானாம். ஆகையால் மாட்டை அடிமாட்டுக்கு ஓட்டிவிட வேண்டுமாம். பாபநாசத்திலோ ஒரத்தநாட்டிலோ எந்தக் குடியானவனாவது இதற்குச் சம்மதிப்பானா? வேறு தச்சனைப் பார்ப்பான். அல்லது தானே ஒரு கட்டையைச் செதுக்குவான். கணினி விஷயத்தில் மாத்திரம் நாம் தலையைத் தலையை ஆட்டுகிறோம். ஏன்? "உங்களுக்குப் புரியாது" என்கிற அந்த ஒரு வார்த்தையினால்தான். இந்த வார்த்தையை நாம் வேறு இடங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். அர்த்தம் கேட்டால் புரியாது, தட்சிணை வைத்தால் போதும் என்கிற தொழில் நமக்குப் புதிதல்ல. (அந்தக் கடையில் ஆயுத பூசையன்று எல்லாக் கணினிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். விண்டோசைத் திருடுவதற்கு முன்பா பின்பா என்று நாம் கேட்கவில்லை.)

நிற்க. வேறு தச்சன் இருக்கிறானா என்றால், முப்பது வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறான். லினக்ஸ் என்று பெயர்.

அதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற கலாசாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வேலை செய்து வந்தார். அங்கே ஓர் அச்சுப்பொறி அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டு நின்றது. அதைத் திருத்தலாம் என்று அதை ஓட்டுகிற நிரலைக் கேட்டார். நிரல் கையில் இருந்தவர், "யாருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்" என்று மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட அனுபவங்களின் பேரில் 1983-ல் அவர், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்கிற முறையில் கணினிக்கு வேண்டிய எல்லா நிரல்களையும் புதிதாகவே எழுதுவது என்று கிளம்பினார். அதற்கு க்னூ என்று பெயர். 1991-ல் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர், கணினியின் உள்ளே நின்று எல்லாவற்றையும் நடத்துகிற மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். மறு வருஷம் அதையும் ஸ்டால்மனுடைய உரிமப்படியே விட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று லினக்ஸ் என்று சொல்லப்படுவது. நம் சட்டைப் பையில் இருக்கிற ஆண்டிராய்டு போனுக்குள்ளும் அந்த மையப் பகுதிதான் இருக்கிறது. உலகத்தில் மிக வேகமான 500 கணினிகள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பர் முதற்கொண்டு அந்த ஐந்நூறும் லினக்சில்தான் ஓடுகின்றன. ஆகவே "அது ஏதோ சும்மா கொடுக்கிற மட்டச் சரக்கு" என்பவர்கள் முதலில் தங்கள் போனைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

"சும்மா" என்றதும் இன்னொரு சங்கதி. இங்கிலீஷ்காரனுக்கு இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே வார்த்தையாய்ப் போனதால், இந்த இயக்கத்தார் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பல வருஷம் பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பது தமிழில் தானாகவே விளங்குகிறது. அதனால்தான் நம்மவர்கள் இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்தார்கள். எந்த வேலைக்கும் ஓட்டலாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் படிக்கலாம். அடுத்தவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். திருத்தி, திருத்தியதையும் வெளியிடலாம். இந்த நாலு உரிமையும் இருந்தால்தான் கட்டற்றது. விண்டோசிலோ, ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து யோக்கியமாக வாங்கினால்கூட, "இது உனக்கு விற்கப்படவில்லை, உபயோகிக்க அனுமதி மாத்திரமே கொடுக்கப்பட்டிருக்கிறது" என்றுதான் உரிமப் பத்திரம் சொல்லுகிறது. பிரித்துப் படிப்பது குற்றம். ஒரு கூட்டத்தார் மாத்திரம் படிக்கலாம், மற்றவன் எட்டிப் பார்த்தாலும் தண்டனை என்கிற ஏற்பாட்டை இந்த நாட்டார் நன்றாக அனுபவித்தவர்களாயிற்றே! அதை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறோம்.

நமது ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்க இன்னொரு வழியும் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில், 2018-ல் காலமான நெல் ஜெயராமன் வருஷந்தோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். விலை கிடையாது. அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். ஸ்டால்மன் எழுதிய உரிமத்தின் சாரமும் ஏறக்குறைய இதுதான். எடுத்துக்கொள், ஆனால் நீ திருத்தி வெளியே கொடுப்பதையும் இதே நிபந்தனையில்தான் கொடுக்க வேண்டும், உன் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பா பழமையானது என்பதற்காக நாம் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. பழமை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. ரகத்தைப் போடுகிறவனும் நல்ல கதிராகப் பார்த்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கிறான். பக்கத்து வயல்காரனுக்கும் கொடுக்கிறான். வீரிய ஒட்டு விதை வாங்கினவனுக்கோ அந்தக் குணம் அடுத்த போகத்தில் நிற்பதில்லை. மறுபடியும் கடைவாசலுக்குத்தான் போக வேண்டும். விதை பழையதா புதியதா என்பதல்ல கேள்வி. விதைக் கோட்டை யார் வீட்டில் இருக்கிறது என்பதே கேள்வி.

இனி நாம் பட்ட பாட்டைச் சொல்லுகிறோம். சுகமாக முடிந்தது என்று பொய் சொல்லப் போவதில்லை.

நம் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அப்பா, எதையும் அழிக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கலேன்னா பிடுங்கிட்டா போச்சு" என்றாள். இது நமக்கு மிகவும் பிடித்தது. நம்பிக்கை வைக்கத் தேவையில்லை, சோதித்துப் பார், பிறகு முடிவு செய் என்கிற முறை அல்லவா? லினக்சில் பல வகை உண்டு. பழைய கணினிக்கு ஏற்றது என்று லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கோப்பு சுமார் 3 ஜி.பி. நம் போனில் தினத்துக்கு ஒன்றரை ஜி.பி.தான் என்பதால் இரண்டு இரவு இறக்கினோம்.

இறக்கிய கோப்பு முழுசாக, பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக அவர்கள் ஒரு நீளமான எண் கொடுத்திருக்கிறார்கள். நம் கோப்பிலிருந்து வருகிற எண்ணும் அந்த எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். "இதெல்லாம் எதற்கு, பெரிய கம்பெனிக்காரர்களா ஏமாற்றப் போகிறார்கள்" என்று நாம் அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டோம். எதையும் சோதிக்காமல் ஏற்காதே என்று ஊர் ஊராய்ப் பேசுகிற நாம்! பென் டிரைவில் எழுதி, கணினியைப் போட்டால் கறுப்புத் திரைதான் வந்தது. கோப்பு நடுவில் முறிந்திருந்தது. மறுபடியும் இரண்டு இரவு. மகள் ஒன்றும் சொல்லவில்லை. நம் பழைய பிரசங்கம் ஒன்றை நினைவுபடுத்தினாள், அது போதாதா?

அந்தக் கோப்பைச் சாதாரணமாகப் பிரதி எடுத்தால் போதாது. ரூபஸ், எட்சர் போன்ற ஒரு சிறு கருவியைக் கொண்டு பென் டிரைவில் எழுத வேண்டும். 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். அதில் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். பிறகு அதைச் சொருகிக் கணினியைப் போட்டவுடன் எப்12 என்ற விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில கணினிகளில் எப்9 அல்லது எஸ்கேப் விசையாயிருக்கும். பென் டிரைவைக் காட்டினால் இரண்டொரு நிமிஷத்தில் திரை வந்துவிடுகிறது. உள்ளே இருக்கிற வன்தட்டை அது தொடுவதில்லை. படம் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா, இணையம் வருகிறதா, அச்சுப்பொறி அடிக்கிறதா என்று சாவகாசமாகப் பார்க்கலாம். நமக்கு எல்லாம் வந்தது, கம்பியில்லா இணையம் மாத்திரம் வரவில்லை. அதற்குரிய டிரைவர் அந்தச் சில்லு செய்த கம்பெனி பூட்டி வைத்திருக்கிற சரக்காம். போனைக் கம்பி வழியாகச் சொருகி, அதன் இணையத்தைக் கொண்டு அந்த டிரைவரை இறக்கிப் போட்டோம், வந்தது. ஒரு சாயங்காலம் போயிற்று என்பது உண்மை.

மூன்று நாள் அப்படியே பழகின பிறகு, நம் எழுத்துக்களையும் படங்களையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோசை முழுவதும் அழித்துவிட்டு லினக்சைப் போட்டோம். அரை மணி நேரங்கூட ஆகவில்லை. விண்டோசுக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்துக்கொள்ள வழி உண்டு. துணிச்சல் வராதவர்கள் அப்படிச் செய்யலாம். ஆனால் பிரதி எடுக்காமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது, அழித்தது அழித்ததுதான்.

இனித் தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பேரில் சர்க்கார் ஒப்புக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இதில் ஐபஸ் என்கிற கருவி வழியாக வந்துவிடுகிறது. பழகியவர்களுக்கு ஒலிப்பு முறையும் இருக்கிறது. தட்டச்சு செய்வதற்கு லிபரே ஆபீஸ் இருக்கிறது. ஆனால் நம் பழைய கட்டுரைகளைத் திறந்தோம். அத்தனையும் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் குவியலாக நின்றது! பன்னிரண்டு வருஷமாகப் பாமினி எழுத்துருவில் எழுதியதன் பலன் அது. அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டால் இங்கும் தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது தமிழல்ல, தமிழ் வேஷம் போட்ட இங்கிலீஷ் எழுத்து. தேடினால் கிடைக்காது, வேறு இடத்துக்கு அனுப்பினால் புரியாது. மாற்றித் தரும் கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. 1935-ல் எழுத்தைச் சீர்திருத்தி அச்சடித்துக் காட்டியவர்கள் வழியில் வந்த நாம், நம் எழுத்தையே ஒரு எழுத்துருவினிடம் அடகு வைத்திருந்தோம் என்பது லினக்ஸ் போட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்தது. பட்டிகளில் பாதி தமிழாகவும் பாதி இங்கிலீஷாகவும் இருப்பது இன்னொரு குறை. மொழிபெயர்க்கிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்கள் கை எட்டியது அவ்வளவு. குறை சொல்லுகிற தமிழ்ப் புலவர்கள் யாரும் போய் இருபது வரி மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்; கதவு சாத்தியிருக்கவில்லை.

நம் பழைய அச்சுப்பொறி இன்று வரைக்கும் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டு அச்சுப்பொறியோ சொருகின உடனே அடித்தது. இதற்கு நம்மிடம் சமாதானம் இல்லை.

இப்பொழுது ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு நல்லதாயிருந்தால் சர்க்கார் ஏன் இதைச் செய்யவில்லை என்று. செய்தது என்பதுதான் வேடிக்கை. 2006 முதல் 2008 வரை எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் அதிகாரியாயிருந்தபோது அந்த நிறுவனமே சூசே லினக்சுக்கு மாறிற்று. மத்திய சர்க்காரின் சி-டாக் சென்னையில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்பதைச் செய்து 2007-ல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல கணினிகள் விண்டோசும் பாசும் இரண்டும் போட்டே பிள்ளைகள் கைக்கு வந்தன. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆயுள் முடிந்தபோது, இலாகாக்கள் பாஸ் லினக்சுக்கு மாற வேண்டும் என்று தமிழ்நாடு சர்க்கார் உத்தரவும் போட்டது. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோசோடு உபுண்டு லினக்சும் பாடமாயிருக்கிறது.

பலன் என்ன? நாம் பார்த்த மடிக்கணினிகளில், பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு மாதத்துக்குள் கடைக்காரர் பாசைத் துடைத்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டிருந்தார். "அது இருந்தா மெதுவா ஓடும்" என்று சொன்னாராம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாத்தியாருக்கே தெரியாது, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் ஏறக்குறைய இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லினக்சில்தான் படிக்கிறார்கள். அவர்கள் கணினியைக் கொடுத்ததோடு நிற்காமல் வாத்தியார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாமோ பெட்டியைக் கொடுத்தோம், மூடியில் படம் ஒட்டினோம், விழா நடத்தினோம், கலைந்தோம்.

கட்டற்ற மென்பொருள்காரர்கள் மேலும் நமக்கு ஒரு குறை உண்டு. இவர்களில் நாலு பேர் கூடினால் டெபியன் பெரிதா, உபுண்டு பெரிதா, ஆர்ச் பெரிதா என்கிற சண்டை தொடங்கிவிடுகிறது. வடகலை தென்கலைக்காரர்கள் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போன கதையாகத்தான் இருக்கிறது. யானை நடந்தால் போதாதா? கும்பகோணத்துச் சந்தையில் எலிப்பொறி வாங்குகிறவனுக்கு எந்தப் பட்டறைச் சரக்கு என்பது முக்கியமா, எலி விழுகிறதா என்பது முக்கியமா?

ஆக்ஷேபணை சொல்லுகிறவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள்: "நிரலை ஊருக்கெல்லாம் திறந்து வைத்தால் திருடனும் படிப்பானே, ஆபத்தில்லையா?" நியாயமான கேள்வி. திருடன் படித்ததோடு நிற்கவில்லை, உள்ளேயே வந்துவிட்டான் என்பதையும் நாமே சொல்லிவிடுகிறோம். லினக்சில் கோப்புகளைச் சுருக்குவதற்கு எக்ஸ்.இசட். என்கிற ஒரு சிறு கருவி உண்டு. ஒரு புனைபெயர்க்காரர் இரண்டு வருஷத்துக்கு மேல் அதில் தொண்டு செய்வதுபோல நடித்து, நம்பிக்கை சம்பாதித்து, 2024-ல் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அதே வருஷம் மார்ச்சு மாதம் ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்கிற பொறியாளர், தூரத்துக் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டார். நிரல் திறந்திருந்ததால் பிரித்துப் பார்த்தார். கள்ளத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலான கணினிகளுக்குப் போகுமுன்பே அது பிடிபட்டது. அரை விநாடியைப் பற்றிச் சந்தேகப்பட்ட அந்த மனிதர் வேலை செய்வது மைக்ரோசாப்டு கம்பெனியில் என்பதையும் சொல்ல வேண்டும். யோக்கியனை எந்தக் கம்பெனியிலிருந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். இதே கள்ளக் கதவு பூட்டிய நிரலுக்குள் இருந்திருந்தால் வெளியாள் யார் பிரித்துப் பார்த்திருப்பார்? கடைக்காரர் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோசில், பூட்டை உடைக்கிறேன் என்று அவர் சேர்த்துப் போட்ட சின்ன நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியுமா? அதே கணினியில் நாம் பாங்குக் கணக்கைத் திறக்கிறோம்.

லினக்ஸ் எல்லாருக்கும் ஆகும் என்று நாம் சொல்லுவதற்கில்லை. பேஜ்மேக்கரிலேயே பக்கம் கட்டுகிறவர்கள், டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள், ஆட்டோகேடில் வரைபடம் போடுகிறவர்கள் ஆகியவர்களுக்கு இன்று அது நேராக உதவாது. அவர்கள் விண்டோசைக் காசு கொடுத்து வாங்கி உபயோகிக்கட்டும். காசு கொடுத்து வாங்குகிறவர்மேல் நமக்குப் புகார் இல்லை. ஆனால் கடிதம் எழுதவும், பத்திரிகை படிக்கவும், படம் பார்க்கவும், பிள்ளை பாடம் படிக்கவும் கணினி வைத்திருக்கிற வீடுகள்தான் அதிகம். அந்த வீடுகளுக்குத் திருட்டு எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலாக நம் இயக்கத்துக் காரியாலயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். துண்டறிக்கை, சுவரொட்டி, கூட்ட நோட்டீசு எல்லாம் எதில் தயாராகின்றன என்று நாம் நாலு ஊரில் பார்த்தோம். நாலிலும் திருட்டுச் சரக்குதான். எதிரிகள் ஒரு நாள் மேடையேறி, "ஐயா பகுத்தறிவுக்காரரே, நீர் இந்த நோட்டீசை அடித்த கணினியின் ரசீதைக் காட்டும்" என்று கேட்டால் நாம் எந்த முகத்தோடு பதில் சொல்லுவது? தமிழ் தட்டச்சுக்கு எ-கலப்பை என்று ஒரு நிரலைத் தமிழா என்ற குழுவினர் பல வருஷங்களுக்கு முன்பே செய்து, நிரலோடு சும்மா கொடுத்தார்கள். பெயரே கலப்பை! ஊருக்கு உழுது கொடுக்கிறவர்கள் இப்படி இருக்க, நாம் அடுத்தவன் களத்தில் அள்ளிக்கொண்டிருக்கலாமா?

போன மாதம் அந்தப் பழைய கடைக்காரரே நம்மைக் கூப்பிட்டார். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் நம்முடையதைப் போலவே பழைய கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புதிது வாங்கப் பணமில்லை என்கிறாராம். "நீங்க ஏதோ போட்டீங்களே சார், அந்தக் குச்சியைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். கொடுத்தோம். "இதுக்கு எவ்வளவு சார் வாங்கலாம்?" என்று கேட்டார். கூலி வாங்குவதை அதன் உரிமம் தடுக்கவில்லை. ஆகவே, "பழைய முந்நூறு ரூபாயையே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் என்ன போடுகிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அவர் இன்னொருத்தருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்" என்றோம். "அதைச் சொன்னா அவர் தம்பிக்கு அவரே போட்டுடுவாரே சார்" என்றார். போடட்டும் என்றோம். சிறிது நேரம் யோசித்துவிட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டு போனார். அது இன்னும் திரும்பி வரவில்லை. வேறொன்று எழுதி வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிற தோழர்கள் 8 ஜி.பி. காலிக் குச்சி ஒன்று கொண்டுவந்தால் அங்கேயே பிரதி எடுத்துக் கொடுக்கப்படும். அந்த நீண்ட எண்ணைச் சரிபார்த்த பிறகே கொடுக்கப்படும்.